ஹெச்இஐசி, வெப்பி எல்லாம் தானாக ஜேபெக் ஆக வேண்டும்: ஸ்டூடியோ கம்ப்யூட்டருக்கு எது சரியான வழி?

ஸ்டூடியோ_தம்பி:
வணக்கம். சின்ன ஊரில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். முகூர்த்த மாதம் வந்தால் ஆல்பம் வேலைதான் முழுக்க. நாங்கள் எடுக்கும் படங்களில் பிரச்சினை இல்லை. பெண்ணின் சித்தப்பா, மாப்பிள்ளையின் நண்பர்கள் என்று ஆளாளுக்குப் போனில் எடுத்ததைப் பென்டிரைவில் கொண்டுவந்து, "இதையும் ஆல்பத்தில் சேர்த்துடுங்க" என்று கொடுத்துவிட்டுப் போகிறார்கள். ஐபோன் என்றால் ஹெச்இஐசி என்ற பட வடிவம். இணையத்தில் இறக்கிய பார்டர் டிசைன் என்றால் வெப்பி. நடுவில் பிஎன்ஜி ஸ்கிரீன்ஷாட்டுகள். ஆல்பம் அடிக்கும் லேப் எஸ்ஆர்ஜிபி என்ற வழக்கமான நிறவெளியில் இருக்கும் ஜேபெக் தவிர வேறெதையும் வாங்காது.

இப்போதைக்கு ஒவ்வொன்றாகத் திறந்து 'சேவ் ஆஸ்' போட்டுக்கொண்டிருக்கிறோம். மாற்றித் தரும் இணையதளங்கள் இருக்கின்றன, ஆனால் அடுத்தவர் வீட்டுக் கல்யாணப் படத்தை யாரோ ஒருவருடைய சர்வரில் ஏற்ற மனசு வரவில்லை. கடையில் விண்டோஸ் 10. ஒரு ஃபோல்டரில் போட்டால் இன்னொரு ஃபோல்டரில் ஜேபெக்காக வந்து நிற்க வேண்டும். கடைப் பையனும் செய்கிற மாதிரி இருக்க வேண்டும். வழி சொல்லுங்கள்.

வெட்டிஆபீசர்:
ஐபோனில் செட்டிங்ஸ், கேமரா, ஃபார்மட்ஸ், 'மோஸ்ட் கம்பாட்டிபிள்'. முடிந்தது கதை.

ஸ்டூடியோ_தம்பி:
என் போன் என்றால் சரி அண்ணே. தாலி கட்டி முடிந்த பிறகு கைக்கு வரும் படத்துக்கு என்ன செய்வது?

மின்னல்வேகம்:
எதற்கு இவ்வளவு பாடு? ஃபைல் பெயரின் கடைசியில் ஜேபிஜி என்று மாற்றுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன், திறக்கிறதே.

பழைய_புரோகிராமர்:
மின்னல்வேகம் தம்பி, பெயரை மாற்றினால் உள்ளே இருப்பது மாறாது. பல வியூவர்கள் பெயரைப் பார்க்காமல் ஃபைலின் முதல் சில பைட்டுகளைப் பார்த்துத்தான் என்ன வடிவம் என்று முடிவு செய்கின்றன. ஜேபெக் என்றால் எஃப்எஃப், டி8 என்று தொடங்கும். வெப்பி என்றால் 'ரிஃப்' என்ற நான்கு எழுத்து. ஹெச்இஐசியில் முதல் நான்கு பைட்டைத் தாண்டினால் 'எஃப்டைப்' என்று இருக்கும். உங்கள் வியூவர் புத்திசாலி, அதனால் திறந்தது. லேப்பில் இருக்கும் மென்பொருள் அப்படி இல்லாவிட்டால் ஆல்பத்தில் அந்தப் பக்கம் மட்டும் திரும்பி வரும்.

இதற்கு நேர்மாறும் நடக்கும். பெயர் ஹெச்இஐசி, உள்ளே சாதாரண ஜேபெக். அதனால் தம்பி எந்தக் கருவி எடுத்தாலும் பெயரை நம்பாமல் உள்ளே பார்க்கிற கருவியாக எடுங்கள்.

கணினிக்கிறுக்கன்:
இர்ஃபான்வியூ. 1996இலிருந்து இருக்கிறது, ஒரு ஆள் எழுதிய மென்பொருள், இன்னும் இறகு மாதிரி லேசாக ஓடுகிறது. திறந்து 'பி' விசையைத் தட்டினால் தொகுதி மாற்றச் சாளரம் வரும். ஃபோல்டரைக் காட்டி, ஜேபெக் தேர்ந்தெடுத்து, ஓட்டிவிட வேண்டியதுதான். ஹெச்இஐசி திறக்க அதன் பிளகின் தொகுப்பும் விண்டோஸ் பக்கத்தில் ஹெச்இவிசி நீட்டிப்பும் வேண்டியிருக்கும்.

ஒரு விஷயம்: வீட்டுக்குத்தான் இலவசம். கடையில் வைத்தால் உரிமம் வாங்க வேண்டும். பெரிய தொகை இல்லை, வாங்கிவிடுங்கள்.

ஸ்டூடியோ_தம்பி:
பார்த்தேன், நன்றாக இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் யாராவது திறந்து ஃபோல்டரைக் காட்ட வேண்டும். பையன் ஒரு நாள் வெளியீட்டு ஃபோல்டரை மாற்றி வைத்துவிட்டால் தேடிக்கொண்டிருக்க வேண்டும். அப்புறம், இந்த ஹெச்இவிசி நீட்டிப்புக்கு மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் ஏன் காசு கேட்கிறார்கள்?

பழைய_புரோகிராமர்:
ஹெச்இஐசி என்பது ஒரு டப்பாதான். உள்ளே படத்தைச் சுருக்கி வைத்திருப்பது ஹெச்இவிசி என்ற வீடியோ முறை. அதற்குக் காப்புரிமைக்காரர்கள் ஏகப்பட்ட பேர். 2017இல் ஐஓஎஸ் 11 வந்தபோது ஆப்பிள் இதையே வழக்கமான வடிவமாக்கிவிட்டது, இடம் பாதியாகக் குறையும் என்று சொல்லி. டப்பாவைத் திறக்கும் நீட்டிப்பு இலவசம், உள்ளே இருப்பதை விரிக்கும் நீட்டிப்புக்குக் காசு. இந்தத் தகராறு வேண்டாம் என்றுதான் கூகுளும் மற்றவர்களும் சேர்ந்து ஏவிஐஎஃப் என்ற இன்னொரு பட வடிவத்தின் பக்கம் போனார்கள். நாளைக்கு உங்கள் பென்டிரைவில் அதுவும் வரும், தயாராக இருங்கள்.

பென்குயின்தாசன்:
சரி, நான் வருகிறேன். இமேஜ்மேஜிக், கட்டளை தட்டிப் படத்தை மாற்றும் மென்பொருள். 1987இல் டூபான்ட் நிறுவனத்தில் இருந்தபோது ஜான் கிறிஸ்டி எழுதத் தொடங்கியது, 1990இல் எல்லோருக்கும் கொடுத்தார்கள். கடைக்கும் இலவசம், உரிமத் தலைவலி கிடையாது. விண்டோஸ் பதிப்பிலேயே ஹெச்இஐசி, வெப்பி, ஏவிஐஎஃப் எல்லாம் திறக்கும் வசதி கூடவே வருகிறது. ஸ்டோர் நீட்டிப்பு தேவையில்லை.

கட்டளையை இங்கே ஒட்டினால் மேற்கோள் குறி வளைந்துபோய் ஓடாது. அதனால் வாயால் சொல்கிறேன், நீங்கள் தட்டிக்கொள்ளுங்கள். பழைய கட்டுரைகளில் 'கன்வெர்ட்' என்று தொடங்கச் சொல்லியிருப்பார்கள். விண்டோஸில் அது ஆபத்து. அதே பெயரில் விண்டோஸுக்குச் சொந்தமாக ஒரு நிரல் சிஸ்டம்32 ஃபோல்டரில் இருக்கிறது. அது டிஸ்க்கை ஃபேட் வடிவத்திலிருந்து என்டிஎஃப்எஸ்ஸுக்கு மாற்றுவது. 7ஆம் பதிப்பிலிருந்து 'மேஜிக்' என்ற சொல்லில்தான் எல்லாக் கட்டளையும் தொடங்கும், அதையே பழகிக்கொள்ளுங்கள்.

மொத்த ஃபோல்டருக்கு 'மோக்ரிஃபை' இருக்கிறது. ஆனால் கவனம், அது மூலப் படத்தின் மேலேயே எழுதும் ஜாதி. 'ஃபார்மட்' கொடுத்தால் புதுப் பெயரில் எழுதும், 'பாத்' கொடுத்தால் வேறு ஃபோல்டரில் எழுதும். இரண்டும் இல்லாமல் 'ரீசைஸ்' மட்டும் கொடுத்து என்டர் தட்டினால் கல்யாணமே சின்னதாகிவிடும், திரும்பி வராது.

தானாக நடக்க வேண்டும் என்றால் லினக்ஸ்தான். ஐநோட்டிஃபை என்று அதன் மையமான கர்னலிலேயே இருக்கிறது. ஃபோல்டரில் ஒரு ஃபைல் எழுதி மூடப்பட்ட அந்தக் கணமே சொல்லும். மூலையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தால் டெபியன் லினக்ஸ் போட்டு நெட்வொர்க்கில் வைத்துவிடுங்கள்.

ஆப்பிள்தோட்டம்:
மேக்கில் படத்தின் மேல் வலது கிளிக், 'குவிக் ஆக்‌ஷன்ஸ்', 'கன்வெர்ட் இமேஜ்'. மேக்ஓஎஸ் மான்டரே பதிப்பிலிருந்து இருக்கிறது. டெர்மினல் பிடித்தவர்களுக்கு 'சிப்ஸ்' என்ற கட்டளை கூடவே வருகிறது. ஆட்டோமேட்டரில் ஃபோல்டர் ஆக்‌ஷன் போட்டால் தம்பி கேட்டது அப்படியே நடக்கும்.

பென்குயின்தாசன்:
தம்பி விண்டோஸ் என்று சொல்லிவிட்டார்.

ஆப்பிள்தோட்டம்:
நீங்கள் மட்டும் டெபியன் சொல்லலாமா ஐயா?

பழைய_புரோகிராமர்:
இரண்டு பேரும் சற்றுப் பொறுங்கள். இருக்கிற கம்ப்யூட்டரில் நடக்கிற வழியைச் சொல்வோம்.

விண்டோஸிலும் ஃபோல்டரைக் கவனிக்கும் வசதி இருக்கிறது. ஃபைல்சிஸ்டம்வாட்சர் என்று பெயர், விண்டோஸின் கட்டளை நிரல் மொழியான பவர்ஷெல்லிலிருந்தே கூப்பிடலாம். ஆனால் இந்த வேலைக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். அறிவிப்புகளைத் தற்காலிகமாக வைக்கும் அதன் பஃபர் இயல்பாக 8 கேபிதான். ஒரே அடியாகப் பல நூறு படங்களைக் கொண்டுவந்து கொட்டினால் அறிவிப்புகள் வழிந்து சில ஃபைல்கள் விட்டுப்போகும். எது விட்டுப்போனது என்று உங்களுக்குத் தெரியவும் தெரியாது. இதே ஃபோல்டருக்குள் ஜேபெக்கையும் எழுதினால், அந்த ஜேபெக் வந்ததற்கும் ஒரு அறிவிப்பு வந்து அது தன் வாலைத் தானே துரத்த ஆரம்பிக்கும்.

டாஸ்க் ஷெட்யூலரில் ஒரு பவர்ஷெல் நிரலை நிமிடத்துக்கு ஒரு முறை ஓடவிடுங்கள். கீழிறங்கும் பட்டியலில் குறைந்தது 5 நிமிடம்தான் காட்டும், ஆனால் பெட்டியில் 1 நிமிடம் என்று கையால் தட்டினால் ஏற்றுக்கொள்ளும். முந்தைய ஓட்டம் முடியாவிட்டால் புதிதாகத் தொடங்காதே என்பதுதான் அதன் இயல்பான அமைப்பு, அதை மாற்ற வேண்டாம். 'பயனர் உள்நுழைந்தாலும் இல்லாவிட்டாலும் ஓட்டு' என்பதைத் தேர்ந்தெடுத்தால் நிமிடத்துக்கு ஒரு முறை கறுப்புச் சாளரம் கண் சிமிட்டாது.

நான்கு ஃபோல்டர் போதும்: வரவு, ஜேபெக், அசல், தகராறு. வரவில் இருப்பதை ஒவ்வொன்றாக எடுத்து, ஜேபெக்கில் எழுதி, சரியாக எழுதியது என்று உறுதியானால் மூலப் படத்தை அசலுக்கு நகர்த்த வேண்டும். இமேஜ்மேஜிக் தோற்றால் பூஜ்யம் அல்லாத எண்ணைத் திருப்பித் தரும். அப்படி வந்தால் தகராறுக்கு. எதையும் அழிக்கக் கூடாது. நேற்று வந்தது இன்றைக்கும் வரவிலேயே கிடந்தால் நிரல் ஓடவில்லை என்று பையனுக்கே தெரிந்துவிடும். வாட்சர் முறையில் அது தெரியாது.

பென்குயின்தாசன்:
நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து பார்த்துவிட்டுத் தூங்குவது அழகான வழியா? சரி, அதை விடுங்கள். பாதி காப்பி ஆன ஃபைல் சிக்கினால்? பென்டிரைவிலிருந்து பெரிய ஃபைல் வந்துகொண்டிருக்கும்போது உங்கள் நிரல் எழுந்தால் அரைப் படம்தான் கிடைக்கும். ஐநோட்டிஃபையில் இந்தப் பயம் இல்லை.

ஸ்டூடியோ_தம்பி:
ஃபைல் அளவு மாறாமல் நிற்கிறதா என்று பார்த்தால் போதாதா?

பழைய_புரோகிராமர்:
நல்ல கேள்விதான். போதாது. விண்டோஸ் காப்பி செய்யத் தொடங்கும்போதே மொத்த அளவுக்கும் இடத்தை ஒதுக்கிவிடும். உள்ளே பாதிதான் வந்திருக்கும், வெளியே அளவு முழுதாகத் தெரியும். கடைசியாக மாற்றிய நேரத்தைப் பார்ப்பதும் உதவாது, ஏனென்றால் காப்பி முடிந்ததும் பென்டிரைவில் இருந்த பழைய தேதியே ஃபைலுக்கு ஒட்டிக்கொள்ளும். போன மாசத் தேதியை வைத்து எதைக் கண்டுபிடிப்பது?

ஃபைலை யாருடனும் பகிராத முறையில் திறந்து பாருங்கள். எக்ஸ்ப்ளோரர் இன்னும் எழுதிக்கொண்டிருந்தால் திறக்க விடாது, பிழை வரும். வந்தால் அந்த ஃபைலை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். அடுத்த நிமிடம் எப்படியும் வரப்போகிறோமே. அழகு இல்லாத வழியின் லாபம் இதுதான், பென்குயின்தாசன் ஐயா.

அச்சுமை:
இவ்வளவு பேசிவிட்டீர்கள், நிறத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் அச்சுக்கு முந்தைய வேலையில் இருப்பவன், சொல்லிவிட்டுப் போகிறேன்.

2016இல் வந்த ஐபோன் 7இலிருந்து போன் படங்கள் டிஸ்ப்ளே பி3 என்ற அகலமான நிறவெளியில் இருக்கின்றன. எஸ்ஆர்ஜிபியை விட அதில் சிவப்பும் பச்சையும் அதிகம் கொள்ளும். எந்த நிறவெளி என்று சொல்லும் ஐசிசி புரொஃபைல் படத்துக்குள்ளேயே இருக்கும். இணையத்தில் பாதிப் பேர் 'ஸ்ட்ரிப்' போடு, ஃபைல் சின்னதாகும் என்பார்கள். ஸ்ட்ரிப், எடுத்த நேரம் போன்ற எக்ஸிஃப் தகவலோடு இந்தப் புரொஃபைலையும் சேர்த்துப் பிடுங்கிவிடும். எண்கள் பி3 எண்களாகவே இருக்கும், லேப் அதை எஸ்ஆர்ஜிபி என்று நினைத்து அச்சடிக்கும். அரக்குச் சிவப்புக் கூறைப்புடவை வெளுத்துப்போய் வரும். கல்யாண வீட்டில் யாரிடம் போய் நிறவெளி பற்றி விளக்குவீர்கள்?

முதலில் மாற்ற வேண்டும். 'புரொஃபைல்' என்ற விருப்பத்துக்கு எஸ்ஆர்ஜிபி ஐசிசி ஃபைலைக் காட்டுங்கள். விண்டோஸிலேயே சிஸ்டம்32க்குள் ஸ்பூல், டிரைவர்ஸ், கலர் என்று உள்ளே போனால் இருக்கிறது. படத்தில் ஏற்கெனவே புரொஃபைல் இருந்தால் இமேஜ்மேஜிக் அதிலிருந்து இதற்கு எண்களை மாற்றும். புரொஃபைலே இல்லாத படம் என்றால் எண்களைத் தொடாமல் இதை ஒட்டிவைக்கும். ஸ்கிரீன்ஷாட்டுக்கும் இணையப் படத்துக்கும் அதுதான் வேண்டும். பிரஸ்ஸிலிருந்து வந்த, அச்சு மைகளின் நிறமுறையான சிஎம்ஒய்கேயில் இருக்கும் அழைப்பிதழுக்கு மட்டும் இது ஆகாது, அதைத் தனியாகக் கையால் பாருங்கள்.

தரத்தையும் கவனியுங்கள். குவாலிட்டி 90க்குக் கீழே போனால் இமேஜ்மேஜிக் நிறத் தகவலை நீளம், அகலம் இரண்டிலும் பாதியாக்கிவிடும். முகத்தில் தெரியாது. சிவப்புப் பட்டில் மெல்லிய சரிகைக் கரை இருக்கிறதே, அங்கே ஓரம் கலங்கித் தெரியும். 92 வையுங்கள். டிஸ்க் இன்றைக்கு விலை மலிவு.

கணினிக்கிறுக்கன்:
அடடா, சரிகை உதாரணம் நன்றாகப் புரிந்தது. நான் இத்தனை வருடமாக 80இல் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

இசேவை_அக்கா:
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்கு நேர் எதிர்ப் பிரச்சினை. தேர்வு விண்ணப்பம் போட வரும் பிள்ளைகளின் போட்டோ 50 கேபிக்குள் இருக்க வேண்டும் என்று தளம் அடம்பிடிக்கிறது. போனில் எடுத்தது 3 எம்பி. குவாலிட்டியைக் குறைத்துக் குறைத்துப் பார்த்துக் கண் வலிக்கிறது. இந்த இமேஜ்மேஜிக்கில் '50க்குள் கொடு' என்று சொல்ல முடியுமா?

பென்குயின்தாசன்:
முடியும் அக்கா. 'டிஃபைன்' என்று கொடுத்து, அதற்கு 'ஜேபெக் எக்ஸ்டென்ட்' 50 கேபி என்று சொல்ல வேண்டும். வெவ்வேறு தரத்தில் சுருக்கிப் பார்த்து அந்த அளவுக்குள் வருவதை அதுவே தேடி எடுக்கும். விளிம்பில் நிற்க வேண்டாம், 48 என்று கொடுங்கள். ஆனால் முதலில் படத்தைத் தளம் கேட்கும் பிக்சல் அளவுக்கு 'ரீசைஸ்' செய்துவிட வேண்டும். 12 மெகாபிக்சல் படத்தை அப்படியே 50 கேபிக்குள் திணிக்கச் சொன்னால் முகம் கட்டம் கட்டமாக வரும், மேற்பார்வையாளர் ஹாலில் உட்கார விடமாட்டார்.

இசேவை_அக்கா:
ரீசைஸ் முதலில் போட்டேன், சுத்தமாக வந்தது. நன்றி தம்பி.

ஸ்டூடியோ_தம்பி:
பழைய_புரோகிராமர் ஐயா சொன்ன மாதிரி நிரல் எழுதிவிட்டேன். ஓடுகிறது. ஆனால் மூன்று தகராறு. வரவு, அசல் என்று தமிழில் ஃபோல்டர் பெயர் வைத்தேன், நிரல் அதைக் கண்டுபிடிக்காமல் கேள்விக்குறியும் கோணல் எழுத்துமாகக் காட்டுகிறது. இரண்டாவது, ஒரு வெப்பி ஃபைலிலிருந்து ஏகப்பட்ட ஜேபெக் வந்து விழுந்தது. மூன்றாவது, வட்டமான பார்டர் பிஎன்ஜி கறுப்புப் பின்னணியோடு வருகிறது.

பழைய_புரோகிராமர்:
முதலாவது விண்டோஸோடு வரும் பவர்ஷெல் 5.1இன் பழைய வியாதி. நிரல் ஃபைலின் தொடக்கத்தில் பிஓஎம் என்ற அடையாளம் இல்லாவிட்டால் அது யூனிகோடு என்றே நம்பாது, பழைய குறியீட்டில் படிக்கும். நோட்பேடில் 'சேவ் ஆஸ்' போகும்போது என்கோடிங் பெட்டியில் 'பிஓஎம் உடன் யூடிஎஃப்-8' தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள். தமிழ்ப் பெயரை மாற்ற வேண்டியதில்லை. கம்ப்யூட்டருக்காக நம் பெயரை ஆங்கிலத்தில் வைத்துக்கொண்ட காலம் போய்விட்டது.

இரண்டாவது அசையும் வெப்பி. ஒவ்வொரு சட்டகத்தையும் தனி ஜேபெக்காக எழுதியிருக்கிறது. உள்ளீட்டுப் பெயரின் முடிவில் சதுர அடைப்புக்குறிக்குள் பூஜ்யம் போட்டால் முதல் சட்டகம் மட்டும் வரும். சில ஹெச்இஐசியிலும் ஒன்றுக்கு மேல் படம் இருக்கும், அதற்கும் இதுவே போதும்.

அச்சுமை:
மூன்றாவதற்கு: ஜேபெக்கில் ஒளிபுகும் தன்மை என்பதே கிடையாது. 'பேக்ரவுண்ட்' வெள்ளை என்று சொல்லி, அதற்குப் பிறகு 'ஆல்ஃபா ரிமூவ்' போடுங்கள். வரிசை முக்கியம். ஆனால் ஒன்று கேட்கிறேன், பார்டரை எதற்கு ஜேபெக் ஆக்குகிறீர்கள்? அதை ஆல்பம் டிசைனில் படத்தின் மேல் வைக்கத்தானே போகிறீர்கள்? பிஎன்ஜியாகவே விடுங்கள். நிரலில் பிஎன்ஜியை மட்டும் தொடாமல் நகர்த்தச் சொன்னால் போதும்.

ஸ்டூடியோ_தம்பி:
சரிதான். பிஎன்ஜியை விலக்கிவிட்டேன். வேறொரு சந்தேகம்: வேறு ஒரு மென்பொருளில் முன்பு மாற்றி வைத்த செங்குத்துப் படங்கள் சில படுத்துக் கிடக்கின்றன. எல்லாம் ஐபோன் படங்கள்தான்.

பென்குயின்தாசன்:
இரட்டைத் திருப்பம். ஹெச்இஐசியில் எவ்வளவு திருப்ப வேண்டும் என்பது டப்பாவின் மேலேயே எழுதியிருக்கும். திறக்கும் நிரல் அதைப் படித்துத் திருப்பிவிடும். எக்ஸிஃப்பிலும் ஓரியன்டேஷன் என்று அதே தகவல் இன்னொரு முறை இருக்கும். மாற்றிய நிரல் அதை 1 என்று திருத்தாமல் அப்படியே ஜேபெக்கில் ஒட்டியிருந்தால், வியூவர் அதைப் பார்த்து இன்னொரு முறை திருப்பும். எக்ஸிஃப் தகவலைத் திருத்தும் எக்ஸிஃப்டூல் என்ற கருவியை இறக்கி, அந்தப் படங்களுக்கு மட்டும் ஓரியன்டேஷனை 1 ஆக்குங்கள்; கட்டளையில் 'என்' என்ற விருப்பத்தைச் சேர்த்தால்தான் எண்ணாக எடுத்துக்கொள்ளும். பிக்சலைத் தொடாது, எனவே தரம் குறையாது. படுத்த படத்தைத் திறந்து திருப்பிச் சேமித்தால் ஒவ்வொரு முறையும் ஜேபெக் கொஞ்சம் தேயும்.

ஸ்டூடியோ_தம்பி:
நிமிர்ந்து நின்றுவிட்டன! ஒரே ஒரு குறை. ஆல்பத்தில் நிச்சயம், நலங்கு, முகூர்த்தம், ரிசப்ஷன் என்று நேர வரிசையில் படம் வைக்க வேண்டும். மாற்றிய ஜேபெக் எல்லாவற்றுக்கும் மாற்றிய நேரமே தேதியாக விழுகிறது. எக்ஸ்ப்ளோரரில் தேதிப்படி அடுக்கினால் ரிசப்ஷன் முடிந்த பிறகு நலங்கு வைக்கிறார்கள்.

பழைய_புரோகிராமர்:
அச்சுமை சொன்னபடி ஸ்ட்ரிப் போடாமல் விட்டிருந்தால் எடுத்த நேரம் உள்ளே பத்திரமாக இருக்கும். 'டேட் டேக்கன்' என்ற பத்தியைச் சேர்த்து அதன்படி அடுக்குங்கள். அது வேண்டாம் என்றால், எடுத்த நேரத்தையே ஃபைல் தேதியாக எழுதும் வேலையையும் எக்ஸிஃப்டூல் செய்யும், நிரலின் கடைசி வரியாகச் சேர்த்துவிடலாம். இரண்டு பேர் போனிலிருந்து ஒரே எண்ணில் படம் வந்து ஒன்றின் மேல் ஒன்று எழுதும் ஆபத்தும் இருக்கிறது, அதனால் வரவுக்குள் ஆளுக்கு ஒரு ஃபோல்டர் போடச் சொல்லுங்கள்.

ஸ்டூடியோ_தம்பி:
வாட்ஸ்ஆப்பில் வந்த படங்களுக்கு 'டேட் டேக்கன்' காலியாக இருக்கிறதே ஐயா?

பழைய_புரோகிராமர்:
ஆமாம், எடுத்த நேரம் அதில் இருக்காது. சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்ஆப் படத்தைச் சுருக்கும்போதே எக்ஸிஃப்பைக் கழற்றிவிடும். ஃபைல் பெயரில் ஒரு தேதி இருக்கும், ஆனால் அது எடுத்த நேரம் இல்லை. இப்போது கையில் இருப்பதைக் கண்ணால் பார்த்துத்தான் வரிசைப்படுத்த வேண்டும். இனி வருபவர்களிடம் பென்டிரைவ், இல்லாவிட்டால் வாட்ஸ்ஆப்பில் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். அப்படி வந்தால் ஃபைல் மாறாமல் ஹெச்இஐசியாகவே வரும், வரவில் போட்டுவிடலாம்.